மஞ்சள் முக்கோணம்

...காலையில் திருச்செங்கோட்டில் வேலை செய்ததே, அதுதான் விளங்கவில்லை, கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் முன் இதே வயரை இதே லேப்டாப்பில் செருகிப் பார்த்தான், மேசைக்கடியில் கிடந்த பழைய செருப்புகூடத் திரையில் பளிச்சென்று தெரிந்தது, இங்கே வெண்ணந்தூர்ப் பக்கம் அக்காவின் கிழங்குக் காட்டுக்கு வந்து ஆழ்துளைப் போர் ஓரமாக உட்கார்ந்து செருகினால், இந்த யூஎஸ்பி சாதனம் இன்னதென்று தெரியவில்லை என்கிறது. தெரியவில்லையாம். இத்தனை வருஷமாகப் போர் போராக இறங்கி ஏறி, கூடவே அலைகிற கேமராவைத் தெரியவில்லையாம். வெயிலில் திரை தெரியாது என்று மோகன்குமார் தலையையும் லேப்டாப்பையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிக்கொண்டிருந்தான், உள்ளே புழுக்கம், மூக்கு நுனியிலிருந்து வியர்வை கீபோர்டில் சொட்டியது, டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் முக்கோணம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி, என்னவோ அதற்குத்தான் ஆச்சரியம் போல... டிரைவரை நீக்கு, மறுபடி தேடு, மறுபடி அதே முக்கோணம். வழியில் ராசிபுரத்தில் டீ குடிக்க நின்றபோது இந்தச் சனியன் தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டது, அதுதான், அதுவாகத்தான் இருக்கும், வேறென்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது, கேமரா தயார், கம்ப்யூட்டர் தயார், இடையில் நிற்கிற இந்த டிரைவர் மட்டும் வழிவிடமாட்டேன் என்கிறது.

"வந்துருச்சா சாமி?" துண்டுக்கு வெளியே அக்காவின் குரல். கலைமணி கவிழ்த்துப்போட்ட தீவனத்தொட்டி மேல் உட்கார்ந்திருப்பாள், தாலிக்கொடியை வாயில் கவ்விக்கொண்டிருப்பாள், பார்க்காமலே தெரியும், இவனுடைய பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்வரை சங்கிலியைக் கடித்துக்கொண்டே நின்றவள்தானே. இன்னுமில்லீங்கக்கா, கொஞ்சம் இருங்க, என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னான். எத்தனை தடவை சொல்லியாயிற்று? அவளுக்குக் கேட்க அலுக்கவில்லை, இவனுக்குத்தான் சொல்ல அலுத்துவிட்டது. இல்லை, அலுப்பில்லை, பயம். இதே காட்டில் போட்ட முதல் மூன்று போரிலும் வெறும் புகைதான் கிளம்பியது, நாலாவதில்தான் தண்ணீர், அந்தத் தண்ணீரில்தான் குச்சிக்கிழங்கும் மாடும் பிள்ளைகளின் படிப்பும் இத்தனை நாள் ஓடியது, இப்போது மோட்டார் உள்ளே மாட்டிக்கொண்டது, செயின் போட்டு இழுத்தும் அசையவில்லை. சும்மா சிக்கியிருந்தால் கொக்கி போட்டு எடுத்துவிடலாம், மேலே பாறை சரிந்திருந்தால் போரை மூடிவிட வேண்டியதுதான், இரண்டில் எது என்று கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். மூடினால் காடு குத்தகைக்கு, மாடு சந்தைக்கு, குடும்பம் பள்ளிபாளையத்துக்கு... மாமா அங்கே ஒரு தறிக்காரரிடம் பேசிவிட்டு வந்ததாகப் போனவாரம் இவனிடம் மட்டும் சொன்னார், உங்க அக்காகிட்டச் சொல்லீராதீங்க மாப்ள, என்றார். அக்காளுக்குத் தெரியாமலா இருக்கும்?

மாமாவுக்கு, மாதேஸ்வரனுக்கு, பொறுமை என்பதே கிடையாது. லேப்டாப் மறுபடி எழும்புவதற்குள், "நீங்க பொட்டியப் பாருங்க மாப்ள, நான் அதுக்குள்ள கேமராவ எறக்கி உட்டர்றன், பொழுதாவது மிச்சமாகுமில்லீங்" என்று சொல்லிக்கொண்டே வயரை விட்டார், படம் வராமல் குருட்டாம்போக்கில் இறக்கக் கூடாது என்றால் கேட்டால்தானே, இப்போது கேமரா அடியில் எதன் மேலோ போய் உட்கார்ந்து வயர் தளர்ந்துவிட்டது. எதன் மேல்? மோட்டார் மேலா, கல் மேலா? அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குத் தெரியும், இவனுக்குத்தான் தெரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணனுக்கு மூன்றாம் முறையாகப் போன் போட்டான், அவன், பழைய டிரைவருக்கே திருப்பிப் போடுடா, என்றான், போட்டாச்சு, அப்போ பவர் சேவிங்கை எடுத்துவிடு, எடுத்தாச்சு, டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்து சரிபார்ப்பை நிறுத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணு, அதையும் பண்ணியாச்சு, அப்போ வேற போர்ட்ல குத்திப் பாரு, இருக்கிற இன்னொரு போர்ட் போன வருஷமே எலி கடித்த வயர் மாதிரி ஆட்டம் கண்டுவிட்டது, அதில் செருகினால் வெளிச்சம்கூட வரவில்லை. "டிரைவரு டிரைவருங்கறீங்க, நம்மூர்ல தடுக்கி விழுந்தா ஒரு டிரைவரு, ஒருத்தனக் கூட்டியாரட்டுமா?" என்று மாமா சிரிப்புக் காட்டப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை, அவருமே சிரிக்கவில்லை. படம் வராமலே போய்விட்டால் என்ன? வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம், நாளைக்கு வாரேன் என்று சொல்லலாம், நாளை வரைக்கும் இந்தப் போர் உயிரோடு இருக்கும்... சீ, என்ன நினைப்பு இது, கூடப்பிறந்தவள் காத்துக்கிடக்கிறாள்.

கடைசியாக ஒரு தடவை என்று பிளக்கைப் பிடுங்கினான். விரலில் பிசுபிசுப்பு. வியர்வை என்று நினைத்துத் துண்டில் துடைத்தான், துண்டில் மஞ்சள் கோடு. மூக்கருகே கொண்டுபோனதும் வாசனை தெரிந்தது. சந்தனம். பிளக்கின் தகர வாய்க்குள் ஈரச் சந்தனம் அப்பிக்கிடந்தது, நடுவில் துளி குங்குமம். வந்ததும் அவன் தொட்டியில் கைகால் கழுவப் போனபோது அக்கா தட்டோடு வந்தாள், கேமராவுக்குப் பொட்டு, வயர் சுற்றிய உருளைக்குப் பொட்டு, லேப்டாப் மூடிக்கு மூன்று பட்டை, போர் போடுகிற ரிக் வண்டி வந்தால் டயர் வரைக்கும் வைக்கிற கை அது, இது ஒன்றை மட்டும் விடுமா? தொங்கிய வயரின் நுனியையும் விடவில்லை. மூடிமேல் இருந்ததைப் பார்த்தான், அழிக்க மனம் வரவில்லை, நுனியைப் பார்க்கவில்லை, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அப்படியே செருகிவிட்டான். அப்டேட்டும் இல்லை டிரைவரும் இல்லை, இத்தனை நேரம் பாவம் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு... இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உன் வேண்டுதல்தான் அடைத்துக்கொண்டது என்றா? சொல்லக் கூடாது, சொல்லவே கூடாது. தரையில் கிடந்த தென்னை ஈர்க்கை ஒடித்து, துண்டுக்குள்ளேயே, திருட்டு வேலை செய்கிறவன்போல, வழித்தான், பிளக்கை வழித்தான், போர்ட்டின் வாயை வழித்தான், துண்டின் முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தான், ஊதினான், செருகினான்.

டிங் டிங் என்றது. முக்கோணம் மறைந்தது. படம் வந்தது.

முதலில் வெளிச்சம் மட்டும், பிறகு சுவர், பிறகு மோட்டாரின் தலை, அதில் ஒரு மூலைதான் தெரிந்தது, மீதியின் மேல் பாறை, புதிதாக உடைந்த முகம் வெளுத்துப்போயிருந்தது, அதற்கு மேல் இன்னொன்று, இடுக்கெல்லாம் மண். கொக்கி நுழைய ஒரு விரல் இடமில்லை. அவன் எத்தனையோ போர் பார்த்தவன், எத்தனையோ பேரிடம், ஒண்ணும் பண்ண முடியாதுங்க, மூடிருங்க, என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டு வந்தவன், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உருளையைப் பார்த்துக்கொண்டே சொல்வதற்குப் பழகிக்கொண்டவன். அழுகை வந்தது. துண்டுக்குள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"என்னுமோ சத்தம் கேட்டுச்சே, வந்துருச்சா சாமி?"

அவன் கை அவனைக் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டது. படம் போயிற்று, திரையில் மறுபடி வெறும் டிவைஸ் மேனேஜர்.

"இல்லீங்கக்கா. அது வேற சத்தம். இன்னும் அந்த டிரைவர் கோளாறுதான்."

மாமா எங்கேயோ தள்ளி நின்று இருமினார். அவருக்குத் தெரிந்திருக்குமோ, அவன் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாரோ... தீவனத்தொட்டி நகரும் சத்தம், மெட்டி சத்தம், அக்கா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சந்தனம் மிச்சம் இருக்குது சாமி. இன்னொருக்கா வெச்சுப் பாக்கட்டுமா?"

நாளைக்கு என்ன சொல்வான்? நாளை மறுநாள்? எது வரைக்கும்? தெரியவில்லை. மோகன்குமார் துண்டுக்கு வெளியே கையை நீட்டினான், கையில் அந்தப் பிளக், வாய் அவள் பக்கமாக இருக்கும்படி திருப்பிப் பிடித்திருந்தான்.

"வைங்கக்கா," என்றான்.