இரண்டு மிதி

கிரீஸை நான் அழுக்கு என்றே சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக அதை நகக்கண்ணில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். எனக்குக் குமட்டுவது வேறு. வண்டிக்குள் மனிதர்கள் விட்டுவிட்டுப் போவதுதான். சீட்டுக்கடியில் நசுங்கிக் கறுத்த வாழைப்பழத் தோல், கதவுப் பையில் மூக்குச் சிந்திய காகிதம், இதற்கெல்லாம் மேலே கண்ணாடியில் ஒரு வாசனைப் புட்டி. புட்டி தொங்கினாலே எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று தோன்றிவிடும். பெரும்பாலும் அது பொய்த்ததில்லை.

அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளை என் ஒர்க் ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்திய வண்டியில் மூன்று புட்டிகள் தொங்கின.

அவர் ஐந்து வருடம் ஓட்டிய வண்டி. புதுசு ஒன்று எடுக்கப்போகிறார், அதனால் பழையதை மாமியாருக்குத் தருகிறார். அக்காவுக்கு இடது முட்டி போய் ஒரு வருடமாகிறது. பஸ் படி ஏற முடியவில்லை. அவள் நூலகம் பார்க்கும் பள்ளிக்கூடம் ஒரு செங்குத்தான இறக்கத்தின் அடியில் இருக்கிறது. இறங்கின இடத்திலேயே லாரிகள் ஓடும் மெயின் ரோடு. இந்த வண்டி அமையாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று ஒரு மாதமாக என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். அன்று அந்த வண்டியிலிருந்து இறங்கி வரும்போதே அவள் முகம் மலர்ந்து கிடந்தது.

"கிளட்ச் அவ்ளோ லைட்டா இருக்குடி. விரலால அமுக்குனா கூட எறங்குது. என் முட்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

லைட்டாக இருக்கிறது என்று பழைய வண்டியைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நல்ல கிளட்ச் பெடல் காலை எதிர்த்துக் கொஞ்சம் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால், தள்ளவேண்டிய ஆயில் எங்கேயோ கசிந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

"சும்மா ஒரு பார்வை பாத்தா போதும் சின்னத்தை," என்றார் மாப்பிள்ளை, தேனொழுக. "நம்ம வீட்டு வண்டிதானே."

அவருக்குப் பின்னால் அக்கா மகள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் இடுப்பில் வளர்ந்தவள். வந்ததிலிருந்து என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். பெடலைப் பாதி வரை அமுக்கி அப்படியே பிடித்தேன். அதற்கு மேல் நான் அமுக்கவில்லை, ஆனாலும் கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. கால் சேற்றில் புதைகிற மாதிரி இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெடலை அடி வரை மிதித்து, முதல் கியர் போட்டுக் காத்திருந்தேன். இருபது எண்ணுவதற்குள் வண்டி முன்னால் திமிறியது. கிளட்ச் முழுக்க மிதித்திருக்கும்போது வண்டி நகரப் பார்க்கிறது. அக்காவின் இறக்கமும் கீழே போகும் லாரிகளும் கண்ணுக்குள் வந்து போயின. இஞ்சினை நிறுத்தினேன்.

பிறகு காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதற்குக் கீழே இன்னொரு மேட். அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றாவதைப் பிரித்தபோது வந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. கார்ப்பெட் ஊறிப்போய்க் கிடந்தது. அதில் ஊறிய பிஸ்கட், தலைமுடிச் சுருள், யாரோ கடித்துத் துப்பிய நகம், எல்லாவற்றின் மேலும் பச்சையாகப் பூஞ்சை. இதன் மேல் கால் வைத்துக்கொண்டுதான் ஐந்து வருடம் குடித்தனம் நடந்திருக்கிறது.

"அது ஏசி தண்ணி சின்னத்தை," என்றார் மாப்பிள்ளை.

நான் இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தேன். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். இது காயவில்லை.

"ஏசி தண்ணி இப்படி வழவழன்னு இருக்காது மாப்பிள்ளை."

பெடலுக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். மெத்தென்று ஏதோ தட்டியது. இழுத்தேன். ஒரு பழைய பனியன். சொட்டுகிற ஆயிலைக் குடிக்க அங்கே திணித்து வைத்திருந்தார்கள். பிழிந்தால் ஒரு தம்ளர் தேறும். அது வழிந்த இடத்தில் இரும்பில் பெயின்ட் உரிந்து தொங்கியது. பானெட்டைத் திறந்தால் ஆயில் டப்பாவின் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் சகதி.

"இதே டப்பாலேர்ந்துதான் பிரேக்குக்கும் ஆயில் போகுது, தெரியுமா?" என்றேன்.

"அய்யோ, எனக்கு இதெல்லாம் எங்க சின்னத்தை தெரியும்? ஓட்டுறதுக்கு ஒரு குறையும் வெச்சதில்ல."

"அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

ஒர்க் ஷாப் வாசலுக்குள்ளேயே ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் அவர் இடது காலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும் முன்பும் அந்தக் கால் டக் டக் என்று இரண்டு மிதி மிதித்தது. முதல் மிதியில் மிச்சமிருக்கும் ஆயில் வந்து சேரும், இரண்டாவதில்தான் கிளட்ச் வேலை செய்யும். வாய் எவ்வளவு வேண்டுமானாலும் பூசி மெழுகலாம், காலுக்கு அது தெரியாது. இந்தக் கோளாறோடு மாதக்கணக்கில் வாழ்ந்த காலுக்குத்தான் இந்தப் பழக்கம் வரும்.

"ரெண்டு ரெண்டு தடவ மிதிக்கிறீங்களே மாப்பிள்ளை?"

முகம் ஒரு நொடி சுண்டியது. உடனே சிரித்தார். "அது என் பழக்கம் சின்னத்தை. கத்துக்கும்போதே அப்படி வந்துடுச்சு. இவ ஓட்டினா ஒரே மிதிதான். வேணும்னா பாருங்க." இறங்கி வந்து மனைவியைக் கூப்பிட்டார். "நீ ஓட்டிக் காட்டு."

"நான் எதுக்கு?" என்றாள் அவள்.

"அட, சும்மா ஒரு ரவுண்டு."

அக்கா டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை; மகள் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல அவள் பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். கியரில் கையை வைத்தாள்.

டக் டக்.

அவளுக்கே அது தெரியவில்லை. மறுபடியும் கியரைத் தள்ளப்போனாள், மறுபடியும் டக் டக். அப்போதுதான் அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள். காலை எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

மாப்பிள்ளை மேல் எனக்கு வந்தது வெறும் அருவருப்பு. கழுவினால் போகும். இவள் மேல் வந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. காறித் துப்பலாம் போலிருந்தது. அம்மாவின் தலையில் கட்டுவதற்கு இருவரும் சேர்ந்து மேட் வாங்கியிருக்கிறார்கள், புட்டி மாட்டியிருக்கிறார்கள், பனியனைத் திணித்திருக்கிறார்கள்.

அக்கா சத்தம் போடவில்லை. மகளிடம் மட்டும் கேட்டாள். "ரெண்டு தடவ மிதிக்கணும்னாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா."

"எப்போ?"

அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இதைச் சரி பண்ண எவ்ளோ நேரமாகும்?"

"உனக்கு இந்த வண்டி வேணாம்க்கா."

"எனக்கில்லடி. அவ இதுலதானே வீட்டுக்குப் போகணும்."

பெடலுக்கு மேலே இருக்கும் கிளட்ச் சிலிண்டரை மாற்ற வேண்டும், மத்தியானம் ஆகிவிடும் என்றேன். செய் என்றாள். அவளைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, "நீ மொதல்ல அதப் பாரு" என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள். இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். மகள் இறங்கி இரண்டடி பின்னாலேயே போனாள், அப்புறம் நின்றுவிட்டாள்.

அந்தப் பனியனை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். "புடிங்க." வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். எங்கே போடுவதென்று தெரியாமல், சட்டையில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

நான் மல்லாந்து படுத்து, அந்த ஈரத்தில் தலையை வைத்து, பெடலுக்குக் கீழே நுழைந்தேன். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அது கிளம்பியது.