பம்புகள் வெளியே வரும் நேரம்

தட்டின் நிறம் மாறியது. மாறியிருக்கக் கூடாது.

முயலின் இரைப்பையிலிருந்து எடுத்த செல்கள் அதில் உயிரோடு இருந்தன. அமிலம் சுரந்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். அமிலத்தை அடக்கும் மருந்தை ஊற்றி ஊறவைத்து, பிறகு கழுவியெடுத்திருந்தாள் ஆராய்ச்சிக்காரி. அவள் அப்பா விழுங்கும் அதே மருந்து.

"மருந்துல தண்ணியைக் கலந்துட்டியா?" என்றான் பக்கத்து மேசை சோடாபுட்டி.

"மருந்து நல்லாத்தான் இருக்கு. ஊத்துறப்ப மோட்டாரைக் கட்டிப் போட்டிருந்தேன்."

அமிலப் பம்புகள் செல்லுக்குள் சும்மா கிடக்கும். சாப்பாடு வருகிறது என்று சேதி வந்தால்தான் மோட்டார் புரதங்கள் அவற்றை இழுத்துப்போய் விளிம்பில் நிறுத்தும். விளிம்பில் நின்று வேலை செய்யும் பம்பைத்தான் மருந்து முடக்கும். மருந்தைக் கழுவிய பிறகு அவள் மோட்டாரை அவிழ்த்துவிட்டாள். உள்ளே கிடந்தவை ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்து அமிலத்தைக் கொட்டின.

"அப்ப பட்டினி கிடக்கிறவன் மாத்திரை போட்டா அம்போதான்," என்று சிரித்தான் சோடாபுட்டி.

அவள் கையுறையைக் கழற்றினாள். அப்பாவின் இரைப்பைப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. ஒருமுறை ரத்தமும் கக்கிவிட்டார். அடுத்த வாரச் சோதனையிலும் ஆறாமலிருந்தால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் இதயம் இருக்கிற நிலையில் மேசையிலிருந்து எழுவாரா என்பதே சந்தேகம்.

வராந்தாவுக்கு ஓடி, அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"இப்பதான் குளிச்சுட்டுப் போட்டேன்."

"எப்ப சாப்பிடுவீங்க?"

"சாயங்காலம். பகல்ல சாப்பிட்டா நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி எரியுது."

"தினமும் இப்படித்தானா? சாப்பாட்டுக்கு முன்னாடின்னு டாக்டர் சொன்னாரே!"

"முன்னாடிதானே போடுறேன்? சாயங்காலத்துக்கு முன்னாடி காலைதானே வருது?"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சாயங்காலம் பம்புகள் வெளியே வரும்போது மருந்து ரத்தத்தில் இருக்காது.

"அரை மணி கழிச்சுச் சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"முயல் வயித்தைப் பாத்து எனக்கு வைத்தியமா?"

"ஆமா. முயல் உங்களை மாதிரி அடம் பிடிக்காது."

அவர் போனைத் துண்டிக்கவில்லை. அரை மணி நேரமும் அவள் வராந்தாவிலேயே நின்றாள். ஒருவழியாகத் தட்டு மேசையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு வாய். பிறகு பல்லைக் கடிக்கிற மூச்சு.

"எரியுதா?"

"எரியாம? இன்னைக்கு நின்னுடுமா?"

"நிக்காது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிடிக்கும். தினமும் மாத்திரை போட்டு அரை மணியில சாப்பிடணும்."

"நாசமாப் போச்சு," என்றார்.

கரண்டி மறுபடி தட்டில் பட்டது.

"அப்பா?"

"பேசாதே. மெல்லுறேன்."