கல்லாப்பெட்டித் தெலுங்கு

பீங்கான் சாமான் விற்றே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஊறுகாய் ஜாடி வாங்க வந்தவர் விலையைக் கேட்டு முகம் சுளித்ததும், அப்பா அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ கேட்பார். "தக்கிஞ்சொத்து" என்பாள் அம்மா, குறைக்காதே என்று. தெலுங்கு தெரியாத அந்தப் பெண்ணாடத்துக்காரர் அதைக் குடும்ப விவகாரம் என்று நினைத்து மரியாதையாகக் கூரையைப் பார்ப்பார். அம்மா போய்விட்ட இன்றைக்கும் அந்தக் குரல் காதுக்குள் கேட்காமல் எனக்கு ஒரு ஜாடி விற்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த சுபாஷினி டீச்சர் கடையிலேயே உட்கார்ந்து, போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தாய்மொழி என்னங்க சார்?"

தமிழ் என்று வாயெடுத்தேன். பின்னால் ராஜாம்பாள் அக்கா செருமினாள். மாமா போனபிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். என் மனைவி, பிள்ளைகளுக்குத் தெலுங்கு தெரியாது. அவளுக்கு அதில் பேச ஆள் நான் ஒருவன்தான். நானும் வியாபாரம் இருந்தால்தான் பேசுவேன்.

பழக்கதோஷம், வெளியாள் எதிரில் இருந்ததும் தெலுங்கில் இறங்கிவிட்டேன். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர், தமிழென்றே போடுவோம், நாளைக்கு எவனாவது எங்கிருந்து வந்தாய் என்பான் என்றேன். அவள் மசியவில்லை. சரி, தமிழ் முதலில், தெரிந்த பிற மொழியில் தெலுங்கு என்று இறங்கி வந்தேன்.

டீச்சருக்கும் கேட்கட்டும் என்று அக்கா தமிழுக்கு மாறினாள். "அம்மாவ ரெண்டாவதா எழுதச் சொல்றியாடா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "தமிழ்னு போடுறதுக்கா சார் இவ்ளோ நேரம் தெலுங்குல பேசுனீங்க?" பிறகு, ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் பதிய வேண்டும் என்று விளக்கினார்.

அக்கா தெலுங்கு என்றாள். அவளுக்குத் தலைவாரிவிட்டபடி அம்மா கதை சொன்னதெல்லாம் அதில்தான். நான் கல்லாவடியில் வளர்ந்தவன். என் தெலுங்குக்குப் பேரம் பேச வரும், கொஞ்ச வராது. நான் தமிழ் என்றேன்.

"அப்ப இந்த வூட்டுல நான் ஒருத்திதானா?" என்றாள் அக்கா. கோபமாகக்கூட இல்லை.

விலை பேசும் தெலுங்கென்றாலும் அதுவும் அம்மா வாயால் வந்ததுதானே. எனக்கும் தெலுங்கையே போடச் சொன்னேன். டீச்சர் மறுபேச்சில்லாமல் திருத்தினார்.

அவர் போனதும் அக்கா தெலுங்கில் நீளமாகப் பேச ஆரம்பித்தாள். கடையில் வேறு யாருமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியைத் தமிழில் கேட்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.