எருக்கங்காய்க்குக் கட்டு

தெருமுனை வெள்ளெருக்கை வெட்டச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். தனசேகரன் மட்டும் அது பிள்ளையார் என்றான். மனைவி சுபலட்சுமி அதற்கு நாற்பத்தெட்டு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மகள் சுகன்யா பிறந்தாள். செடிக்கு ஏதாவது ஆனால் மகளுக்கும் ஆகிவிடும் என்று அவனுக்குப் பயம்.

ஆனால் பங்குனி வந்தால் பிள்ளையார் வெடிப்பார். காய்க்குள் மீன் செதிலாய் அடுக்கிய விதைகள். ஒவ்வொன்றின் தலையிலும் பட்டுக் குடுமி. வெயில் ஏறக் குடுமி விரியும், காற்று தூக்கிப் போகும். தொண்ணூற்றாறில் அது போய் இறங்கிய இடம், பக்கத்து வீட்டு இராஜமாணிக்கம் தெருநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தடவியிருந்த பட்டுநூல் பாவு. பட்டோடு பட்டாய் ஒட்டி முழுப் பாவும் பாழ்.

மறு பங்குனியில் அவர் வந்து நின்றார். “நாளைக்கி பாவு நீட்றேன். ஒரு பஞ்சு வந்தாலும் உன் சாமிய நானே வெட்டிடுவேன்டா.”

“ஒண்ணும் வராது மாமா.”

காயைப் பறித்தாலும் குற்றமாகிவிடுமே! வெடிக்காமல் கட்டிவிட்டால்? தறியில் அறுந்த இழையை முடிவதில் ஆரணியிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் எண்ணம். வேறு யாரும் அப்படி எண்ணியதாகத் தகவல் இல்லை. மிச்சப் பட்டிழையால் இருபத்தேழு காய்க்கும் மும்மூன்று சுற்று. இழை தோலை அறுத்தது, பால் வழிந்தது. கண்ணில் இறங்கிய வேர்வையை அந்தக் கையாலேயே துடைத்தான்.

“ஏங்க, எருக்கம்பாலு கண்ண அவிச்சிடும், கழுவுங்க!” என்றாள் சுபலட்சுமி.

“முள்ளு குத்துனா இதத்தான வெக்கிறோம்? எரியக்கூட இல்லம்மே.”

காலையில் பாவு நீண்டது, கஞ்சி ஏறியது. காற்றும் கிளம்பியது.

“மாமா! பஞ்சு வந்துகினு கீது! பாவ மூடுங்க, ஜல்தி!” துண்டை வீசிக்கொண்டு தனசேகரன் ஓடிவந்தான்.

எல்லாரும் செடியைப் பார்த்தார்கள். ஒரு காய்கூட வாய் திறக்கவில்லை.

“எங்கடா பஞ்சு?” இராஜமாணிக்கம் சிரித்தார்.

“இன்னா மாமா, தெருவே தெரியாத அளவுக்குப் பறக்குது...”

சிரிப்பு நின்றது. சுபலட்சுமி அவன் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினாள். “எத்தினிங்க?”

அவன் விரல்களைத் தேடிக் கையை நீட்டினான்.

கஞ்சி பாதியில் காயட்டும் என்று பாவை அப்படியே விட்டுவிட்டு, இராஜமாணிக்கம் அவனைக் கண்ணாஸ்பத்திரிக்கு என்று வேலூர் பஸ்ஸில் ஏற்றித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாமா, செடிய...”

“வெட்டலடா. பேசாம வா.”

கண்ணமங்கலம் தாண்டும்வரை அவன் தன் முகத்துக்கு முன்னால் கையை வீசி, இல்லாத பஞ்சை விலக்கிக்கொண்டே வந்தான்.