ஈச்சமர வளைவு

கடப்பாரை பாறையில் பட்டு எழுந்த சத்தம் அடிவாரம் வரை கேட்டது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், முழங்கால் வரை செஞ்சேறு அப்பியிருக்க, பாதையின் நடுவே கிடந்த பாறையைப் பென்னி நெம்பிக்கொண்டிருந்தான். இரவு மழை மேட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட பாறை. உள்ளங்கைக் காய்ப்பு பிளந்து ரத்தம் கசிந்ததில் கடப்பாரை வழுக்கியது. பக்கத்தில் கோவிந்தம்மாள் சேற்றை மண்வெட்டியால் வழித்து வழித்துத் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் தம் புடி பென்னி, அசையுது பாரு."

அது அசைகிற நேரம் பார்த்துத்தானா கீழேயிருந்து ஜீப் உறுமிக்கொண்டு வரவேண்டும்! முன்சீட்டில் காலேப். ஆரஞ்சு ஜாக்கெட், தோளில் வாக்கி டாக்கி, கையில் ஜிபிஎஸ் மிஷின். டிரைவர் ரமணா வண்டியை நிறுத்தினான். காலேப் தலையை வெளியே நீட்டினான்.

"மாப்ளே, பாத்து. முதுவு புடிச்சிக்கப் போவுது."

அக்கறையாகத்தான் சொன்னான். அந்த அக்கறைதான் பென்னியின் வயிற்றைப் பற்றி எரிய வைத்தது. 'சீட்டுல உக்காந்துகினு முதுவப் பத்திப் பேசறான் பாரு' என்று முணுமுணுத்தபடி ஒரே நெம்பில் பாறையைப் பள்ளத்தில் தள்ளினான். அத்தனை பலம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கோவிந்தம்மாள் ஆச்சரியப்பட்டாள். எங்கிருந்து வரும்? பொறாமையிலிருந்துதான்.

சித்தூரிலிருந்து பலமநேர் போகிற ரோட்டில் இடப்பக்கம் பிரிந்தால் வருகிற மலைக்காடு அது. கோவர்த்தனன் என்கிற ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தான். சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய டயர் ஜீப்புகளில் வருவார்கள். காட்டுப் பாதையில் ஏறி, இறங்கி, சேற்றை வாரியடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. பாதையைக் காக்கிறவர்களுக்கு அதுதான் சோறு.

தினமும் விடியலில் ஆட்கள் பாதை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். ஓரம் இடிந்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை கடந்திருக்கிறதா, தண்ணீர் எந்த இடத்தை அறுத்திருக்கிறது என்று பார்த்து, கெட்ட இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அதற்கப்புறம் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட லீடர் காலி ஜீப்பில் ஒரு சுற்று போய் வருவான். அவன் வந்து அடிவாரத்துச் சங்கிலியைத் திறந்தால்தான் மற்ற வண்டிகள் ஏறலாம். அந்தச் சங்கிலியின் சாவி ஜாக்கெட் பையில் இருக்கும். அந்த ஜாக்கெட்டின் மேல்தான் பென்னிக்குக் கண்.

காலேப் வேறு யாருமில்லை, பென்னியின் மனைவி ஷோபாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆனால் முன்னால் நிற்பது எப்போதும் காலேப்தான். சர்ச்சிலும் அப்படித்தான்: கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போனால் காலேப் எடுத்துக் கொடுப்பான், பென்னி பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு போவான். ஷோபா கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போதுகூட, "எங்கண்ணனுக்கு இதுன்னா உசுரு" என்றுதான் ஊற்றுவாள். சாப்பிடுகிறவன் புருஷன், உசுரு அண்ணனுக்கு! ஜாக்கெட்டும் அவனுக்கே போனபோது பென்னி மூன்று நாள் மச்சானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதைக் கோவர்த்தனன் கவனித்து வைத்துக்கொண்டான்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் ஆட்களை அடிவாரத்துக் கொட்டகையில் கூட்டினான்.

"பாதைக்குக் குறுக்கே வெட்டி வெச்சிருக்கிற வாய்க்காலெல்லாம் மூடிடுங்க. ஒவ்வொண்ணுத்துலயும் வண்டி ஸ்லோ ஆவுது. ஒரு நாளைக்கு எத்தினி ட்ரிப் போவுது தெரியுமா எனக்கு?"

பாதையில் விழுகிற மழைத்தண்ணீரைப் பக்கச் சரிவுக்குத் திருப்பிவிடத்தான் அந்த வாய்க்கால்கள். அவை இல்லாவிட்டால் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே ஓடி ஓரத்தை அரித்துவிடும். பாதையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

"மூடினா தண்ணி பாதையவே துன்னுடும் சார்" என்றாள் கோவிந்தம்மாள்.

"துன்னட்டுமே. சரி பண்ணத்தானே உங்களுக்குச் சம்பளம்? இன்னொண்ணு, மழை பெஞ்சி ட்ரிப் நின்னா அன்னிக்குக் கூலி கிடையாது. அர்த்தமாயிந்தா, புரிஞ்சிதா?"

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. அது பேச்சாக மாறுவதற்குள் கோவர்த்தனன் அடுத்ததைச் சொன்னான்.

"ரெண்டு கேங்காப் பிரிஞ்சிக்குங்க. மேல்பாதி காலேப், கீழ்பாதி பென்னி. எவன் முதல்ல மூடறானோ அவனுக்குத்தான் ஜாக்கெட்டு."

சொல்லும்போது பென்னியைத்தான் பார்த்தான். அவ்வளவுதான், கூலிப் பேச்சு காற்றோடு போயிற்று. காலேப் பென்னியைப் பார்க்க, பென்னி காலேப்பைப் பார்க்க, முதலாளியை யாரும் பார்க்கவில்லை.

பென்னி பேய் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான். கோவிந்தம்மாள் திட்டத் திட்ட, ஈச்சமர வளைவில் இருந்த பெரிய வாய்க்காலைத் தன் கையாலேயே மூடினான். கல்லைப் போட்டு, மண்ணைக் கொட்டி, ஏறி நின்று மிதித்தான். பாதை முழுவதிலும் மூடவே கூடாத வாய்க்கால் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் மிதித்தான். இத்தனை செய்தும் காலேப்பின் கேங் அரை நாள் முந்திவிட்டது. ஜாக்கெட் மச்சானிடமே தங்கிற்று.

அதற்கப்புறம் வந்த ஒரு சனிக்கிழமை. இரவெல்லாம் அடித்துப் பெய்திருந்தது. அடிவாரத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பென்னியும் கோவிந்தம்மாளும் நடந்து பார்க்க அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். பென்னியின் கையிலும் மற்ற ஆட்கள் கையிலும் இருந்த வாக்கி டாக்கிகளில், சங்கிலிக்கு மேலே ஜீப்பில் காத்திருந்த காலேப்பின் குரல் கேட்டது.

"சார், ஆளுங்க இன்னும் நடந்து பாக்கல. ஈச்சமர வளைவுல ஓரம் எப்படிக் கீதுன்னு தெரில. கொஞ்சம் டைம் குடுங்க."

"கஸ்டமர் நின்னுகினு கீறாங்கடா இங்க! நடக்கறதெல்லாம் அப்புறம். நீ ஒரு ரவுண்டு போயி வந்து சங்கிலியத் தெற. பயமாயிருந்தா சொல்லு, ஜாக்கெட்டக் கழட்டி பென்னி கையில குடு. அவன் போவான்" என்றது கோவர்த்தனன் குரல்.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும் வந்தது. பிறகு காலேப் சொன்னான்: "போறேன் சார்."

அந்தக் கரகரப்பு நேரத்தில் பென்னிக்கு என்ன தோன்றியது? சந்தோஷம். மறைப்பானேன், சந்தோஷம்தான். மச்சான் பயந்துவிட்டான், ஜாக்கெட் இதோ வருகிறது என்று நெஞ்சு குதித்தது. 'போகாதே மச்சான், நான் மூடின இடம் அது' என்று பித்தானை அழுத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வரவில்லை.

வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு மண் சரிகிற சத்தம். பிறகு ரமணாவின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாய்க்காலை மூடிய இடத்தில் பாதையின் ஓரம் முழுசாகப் பிய்ந்து போயிருந்தது. ஜீப் சரிவில் உருண்டு ஈச்சமரத்தில் முட்டிக் கவிழ்ந்து கிடந்தது. தூக்கியெறியப்பட்ட ரமணா தோளைப் பிடித்துக்கொண்டு புரண்டான். காலேப்பின் வலது கால் வண்டிக்கு அடியில். எல்லோரும் சேர்ந்து கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று முனகிக்கொண்டிருந்த காலேப், பென்னியைக் கண்டதும், "மாப்ளே, மெதுவா" என்றான்.

காலை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சபையே திரண்டுவிட்டது. போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். பாடகர் குழு தாழ்ந்த குரலில் பாடியது. காலேப்பின் மனைவி தபிதாவைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். ஓரமாக நின்ற பென்னிக்கு ஒரு நினைப்பு ஓடியது: 'எனக்குக் கால் போயிருந்தா இத்தினி பேர் வந்திருப்பாங்களா?' ச்சே! காலுக்குக் கூடவா பொறாமை? தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

மாலையில் கோவர்த்தனன் அவனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினான். மேஜைமேல் ஆரஞ்சு ஜாக்கெட் மடித்து வைத்திருந்தது.

"எடுத்துக்கோ. இனிமே நீதான் லீடர்."

பென்னி மேஜையை நெருங்கினான்.

"ஒரே ஒரு விஷயம். யாராவது வந்து கேட்டா, நடந்து பாக்காம வண்டி எடுத்துகினு போனது காலேப்போட சொந்த முடிவுன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்லல."

"ஆஸ்பத்திரி செலவு சார்?"

"அவன் தப்புக்கு நான் எப்படிக் கட்டுவேன்? நீ யோசிச்சிக்கினு நிக்காத. எத்தினி நாளா இத ஆசப்பட்டே, எனக்குத் தெரியாதா?"

பென்னி ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டான். ஆமாம், வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் போட்டும் பார்த்தான். தோளுக்குக் கச்சிதமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஷோபா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நல்லாத்தான் கீது உனக்கு" என்றாள். கிட்டே வந்து, கீழ்விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். "உங்க முதலாளி தொவச்சிருக்கான். ஆனா சரியாப் போவல."

விளிம்பில் பழுப்பாக ஒரு ரத்தக்கறை இருந்தது. பென்னி நடந்ததையெல்லாம் சொன்னான். வாய்க்காலை மூடியதையும், வாக்கி டாக்கியில் கேட்டதையும், வாயைத் திறக்காமல் நின்றதையும் சொன்னான். ஷோபா கத்துவாள் என்று பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எங்கண்ணன் மேல உனக்குக் கடுப்புன்னு எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். வீட்டுக்குள்ள இருக்கிற கடுப்பு அது. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

எப்படித் தெரிந்தது? கொட்டகையில் தன்னையே பார்த்துப் பேசிய கோவர்த்தனனின் கண்கள் நினைவுக்கு வந்தன. கூலியை வெட்டிய அன்று ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தன் வயிற்றெரிச்சலை அவன் கடப்பாரை மாதிரி எடுத்து வேலை வாங்கியிருக்கிறான்! வாய்க்காலை மூட ஒரு தரம், மச்சானை ஏற்றிவிட ஒரு தரம், இப்போது பொய்ச்சாட்சிக்கு ஒரு தரம். பென்னி ஜாக்கெட்டைக் கழற்றினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகிற நேரத்துக்கு வெகு முன்பே பென்னி சங்கிலியடிக்குப் போய்விட்டான். ஒவ்வொருவராக வந்தவர்களை நிறுத்திச் சொன்னான். தன் கேங்குக்கும் சொன்னான், காலேப்பின் கேங்குக்கும் சொன்னான். வாய்க்காலைத் தான் மூடியதை மட்டும் சொல்லும்போது அழுதே விட்டான்.

"நீ மட்டுமா மூடினே? நானும்தான் மண்ணு வாரிக் குடுத்தேன்" என்றாள் கோவிந்தம்மாள். "அழுவாத. இப்ப இன்னா பண்ணலாம்னு பேசு."

வெயில் ஏறும்போது வண்டிகள் வந்துவிட்டன. ஹாரன் மாறி மாறி அலறியது. கோவர்த்தனன் இறங்கி வந்தான். பூட்டிய சங்கிலியில் ஆரஞ்சு ஜாக்கெட் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள், தோளில் கட்டுப்போட்ட ரமணா உட்பட.

"ஏம் பென்னி, இன்னா இது? தெற. ஜாக்கெட்டு வேணாமா உனக்கு?"

"வேணும் சார்" என்றான் பென்னி. "ரொம்ப நாளா வேணும். நேத்து போட்டுக்கூடப் பாத்தேன், நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா உங்க கையால வேணாம்."

அடுத்து என்ன சொல்வது என்று அவன் தேடுவதற்குள் கோவிந்தம்மாள் முன்னால் வந்துவிட்டாள்.

"நீங்க 'போ'ன்னு சொன்னத வாக்கி டாக்கில நாங்க அத்தினி பேரும் கேட்டோம். யார் வந்து கேட்டாலும் அததான் சொல்லுவோம். காலேப்புக்கும் ரமணாவுக்கும் வைத்தியம் உங்க செலவு. மூடின வாய்க்கால் எல்லாத்தையும் தெறக்கணும். நடந்து பாக்காம வண்டி ஏறாது. மழை நாளுக்கும் எங்களுக்கு வயிறு கீது, கூலி வேணும்."

எவ்வளவு கோர்வையாகப் பேசுகிறாள்! பென்னிக்கு அந்த நேரத்திலும் லேசாகக் காந்தியது. 'தொலையட்டும், யார் பேசினா இன்னா' என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

"சாந்திபுரத்துலருந்து நாளைக்கே ஆள எறக்கறேன் பாரு!" என்று கத்தினான் கோவர்த்தனன்.

"எறக்குங்க. அவங்களுக்கும் கால் கீது. எந்த எடத்துல காலேப்போட கால் போச்சின்னு கூட்டிகினு போயிக் காட்டறோம்" என்றாள் கோவிந்தம்மாள்.

வரிசையில் முதலில் நின்ற வண்டிக்காரர் இறங்கி வந்து ரமணாவிடம் ஏதோ விசாரித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு வண்டிகள் அவர் பின்னால் திரும்பின. மற்றவை நின்றன. கோவர்த்தனன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டான். போலீஸாக இருக்கலாம், வேறு ஆட்களாக இருக்கலாம். சாவி கோவிந்தம்மாளின் இடுப்பில் இருந்தது. அவளோடு பாதிப் பேர் சங்கிலியடியில் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார்கள்.

ஈச்சமர வளைவில் இடியாமல் மிஞ்சிய மண் இறுகிக் கிடந்தது. தானே மிதித்த மண் ஆயிற்றே! பென்னி ஓங்கிக் குத்தினான். உள்ளங்கை மறுபடி பிளந்தது. எதிர்முனையிலிருந்து காலேப்பின் கேங் வெட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் பக்கம் வேகமாக நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்தான். சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது, கீழே ஹாரன் சத்தம் இன்னும் ஓயவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஷோபா.

"அண்ணன் கண்ணு முழிச்சிடுச்சி. நீ சொல்லச் சொன்னதெல்லாம் சொல்லிட்டேன், வாய்க்கால மூடினதையும்தான். மொத்தத்தையும் கேட்டுச்சி. அப்புறம் கேக்குது, ஈச்சமர வளைவுல தெறந்துட்டீங்களான்னு."

"படுத்துகினுகூட லீடர் வேல பாக்கறான் பாரு உங்கண்ணன்!" என்றான் பென்னி. சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் தெறக்கல, வெட்டிக்கினு கீறோம்னு சொல்லு. அவன் கேங்கு, என் கேங்கு, எல்லாரும் ஒண்ணாத்தான் கீறோம்னு சொல்லு."

போனைப் பையில் போட்டுக்கொண்டு கடப்பாரையை எடுத்தான்.