பதினேழாம் எண்ணின் கூடு

மதியத்துக்குள் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. மூட்டை சுமந்த வீட்டில் பிறந்தவன் நான். சுமையால் வரும் வலி தெரியும். தலை குனிந்தே இருந்து வரும் வலிக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் மருந்தில்லை.

என் வேலை பொறுக்குவது. கடல்தண்ணீரை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ரேடியோலேரியாக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒற்றை செல் உயிர்; உடம்புக்குள் கண்ணாடிச் சல்லடை மாதிரி ஒரு உருண்டைக் கூடு. சிலதில் அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. முன்பெல்லாம் கூட்டை எண்ணி, முள்ளை எண்ணி இனம் பிரித்தார்கள். இப்போது டி.என்.ஏ. பார்த்தால், அச்சாக ஒன்றுபோல் இருப்பவை ஒட்டுறவே இல்லாமல் நிற்கின்றன. ஜாடையே இல்லாதவை உடன்பிறப்பாக வருகின்றன. பல நேரம் உறவைச் சொல்வது நட்டநடுவில் இருக்கும் குட்டிக் கூடுதான். அதனால் டி.என்.ஏ., கூடு இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றையும் எண் போட்ட தனி டியூபில் இட்டு, உடம்பு கரைந்ததும் நீரை டி.என்.ஏ.வுக்கு எடுத்துக்கொண்டு, அடியில் தங்கும் கூட்டைக் கழுவி, உடைத்து, உள்ளே படம் எடுக்க வேண்டும்.

அன்றைக்கு அக்கா போன் செய்தாள். செங்கல் சூளையில் இருக்கிறாள்.

"என்னடா பண்ற?"

"பொறுக்குறேன்."

"நானுந்தான் நாள் முழுக்க உடஞ்ச கல்லு பொறுக்குறேன். உனக்கு மட்டும் ஃபேனு, நாற்காலியா?"

"உன் கல்லு கண்ணுக்காவது தெரியும்க்கா."

"அடப்பாவி, இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்!"

சிரித்துக்கொண்டே காலி டியூபுகளைக் குப்பையில் தட்டினேன். கூடு கிடக்கும் டியூபும் பார்வைக்குக் காலிதான். பதினேழாம் எண் டியூபும் கூடவே போய்விட்டது. மறுநாள் தேடியபோது குப்பை வண்டி போயிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஆராய்ச்சியை நடத்தும் மேடம் ஒரு தாளோடு வந்தார். உயிர்களின் வம்சம் கிளைகிளையாக வரைந்திருந்தது.

"பதினேழு எங்க நிக்குது பாருங்க. யாரோடயும் சேரல, தனிக் கிளை. உள்ள எத்தனை கூடு?"

கரைக்கும் முன் உயிரோடு எடுத்த படத்தில் வெளிக்கூடு மட்டும்தான் தெரியும். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அது அப்படியே அச்சேறும்.

"ரெண்டு இருக்கும் மேடம்."

"இருக்குமா, இருக்கா?"

"தெரியாது. டியூபக் குப்பையில போட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. "மூணு வாரமா சொல்லலையே" என்றார். தாளைச் சுவரில் ஒட்டி, அந்தக் கிளையின் நுனியில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார். "இன்னொண்ணு கெடைக்கிற வரைக்கும் இதுக்குப் பேரு கெடையாது."

ஒரு வருடமாகிறது. மேடம் வேறு வேலைக்குப் போய்விட்டார். என்னோடு பொறுக்கிய மூன்று பேரும் போய்விட்டார்கள். நான்கு நாற்காலி, ஒரு ஆள். வேலை நேரத்தில் அக்கா கூப்பிட்டால் எடுப்பதில்லை. முடித்துவிட்டுக் கூப்பிட்டால் அவள் அசந்து தூங்கியிருப்பாள்.

மாதாமாதம் கடல்தண்ணீர் பாட்டில்கள் வருகின்றன. பதினேழின் அதே ஜாடையில் இதுவரை பதினொன்று கிடைத்தன. டி.என்.ஏ. பதினொன்றையும் வேறு கிளைகளுக்கு அனுப்பிவிட்டது.

கேள்விக்குறி சுவரில் அப்படியே இருக்கிறது. அந்தக் கிளைக்கு நான் ஒரு கூடு தர வேண்டும். இன்னும் தரவில்லை.