அத்தை இல்லாத பதினோரு படங்கள்

அப்பாவின் அலமாரியில் ஈரம் ஏறிவிட்டது. பின்சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் எப்போது கசிய ஆரம்பித்ததோ, யாருக்கும் தெரியாது. அடித்தட்டில் இருந்த ஆறு ஆல்பங்களில் இரண்டைப் பூஞ்சை பிடித்திருந்தது. மகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டில் முழுக்க விரித்து வைத்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தாள்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்ணா. இன்னும் ஒரு வருஷம் விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"ஸ்டுடியோல குடுத்துடு."

"கேட்டாச்சு. அறுநூத்திச் சொச்சம் படம். அவங்க சொல்ற ரேட்டுக்கு என் ஒரு மாசச் சம்பளம் அப்படியே போயிடும். நீ பாதி போட்டுக்கறியா?"

அண்ணனுக்குத் திடீரென்று சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை.

சரி, நாமே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். அவள் ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மதியத்துக்கு மேல்தான் வேலை. காலை நேரம் கையில் இருந்தது. குளியலறையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியின் நடுவில் ஒரு ஓட்டை உண்டு. அதன் மேல் போனைப் படுக்க வைத்தால் கேமரா சரியாக ஓட்டை வழியே கீழே பார்த்தது. அடியில் நாலு புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் படத்தை வைத்து, சுருளாமல் இருக்கக் கண்ணாடித் துண்டால் அழுத்தினாள். வெயில் நேராக விழாத சன்னலோரம். கண்ணாடியில் கூரை பளபளக்காமல் இருக்க முக்காலியின் மேல் ஒரு கறுப்புத் துப்பட்டா. ஆல்பத்தின் பசைத் தாளோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு, அறுப்பதுபோல் மெல்ல இழுத்துப் பிரித்தாள். மொத்தச் செலவு அந்த நூல் மட்டும்தான்.

"குளிக்கறதுக்கு வெச்ச முக்காலி எங்க, காணோம்?" என்று அப்பா ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலையா இருக்கு. நின்னுக்கிட்டே குளிங்க."

அப்பா புத்தகம் பைண்டிங் செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாலாவது ஆல்பத்துக்கு வந்தபோது அவள் கை தயங்கியது. அதில் பதினோரு படங்களில் ஒரே ஒரு ஆளின் முகம் மட்டும் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தது. கழுத்துக்குக் கீழே பாவாடையும் தாவணியும் அப்படியே இருக்கும்; மேலே முட்டை வடிவில் ஓட்டை. அது அப்பாவின் தங்கை. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்ததால் குடும்பத்தில் எல்லோருக்கும் ஆபரேட்டர் அத்தை.

சின்ன வயதில் அவள் அந்த ஓட்டைகளைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "உங்கப்பா ஏதோ கோவத்துல வெட்டினதாம். எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி. அவர்கிட்ட போய்க் கேட்டு வெக்காதே" என்றாள் அம்மா. அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கேட்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாகவே திரியும் அப்பா, கோபம் வந்தால் ஒரு மனுஷியையே குடும்பத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுவார் என்பது மட்டும் அவள் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. அத்தையும் அப்பாவும் வாரா வாரம் போனில் பேசிக்கொள்வதைப் பார்த்தும் அந்தப் பயம் போகவில்லை.

அந்த ஆல்பத்தின் பின்னட்டை கொஞ்சம் புடைத்திருந்தது. உள்ளே கைவிட்டதில் ஒரு பழுப்பு உறை வந்தது. உறைக்குள் நெகட்டிவ் துண்டுகள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே ஃபிலிமை மாட்டிப் பார்க்கும் பழைய விளக்குப் பெட்டி ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தது. ஸ்டோர்காரரைக் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். நெகட்டிவ்வை அதன் மேல் வைத்தாள். கறுப்பு முகமும் வெள்ளை முடியும் அவளுக்குப் பழக்கமானவை; தினமும் தலைகீழ் நிறத்தில் மனிதர்களைப் பார்ப்பவள். தலைகளை எண்ணினாள். ஆல்பத்தில் நாலு முகம் இருந்த படத்தில், இங்கே ஐந்து.

போனில் எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டாள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். மோவாயை நிமிர்த்தி முறைப்பாக நிற்கிறாள். வலது கண் கேமராவைப் பார்க்கிறது. இடது கண் மூக்கைப் பார்க்கிறது. அத்தைக்கு மாறுகண் இருந்தது என்று யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

பதினோரு படமும் முழுசாகக் கிடைத்தன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடக் கை பரபரத்தது. முதலில் அத்தையிடம் காட்டுவோம் என்று அடக்கிக்கொண்டு, மறுநாள் காலை கிளம்பிப் போனாள்.

அத்தை சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு நல்ல சேதி. அப்பா உங்களை வெட்டி எறிஞ்சாரில்ல, நான் திருப்பி ஒட்டிட்டேன். பாருங்க."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஒரு படம் பார்த்தாள், இரண்டு பார்த்தாள். முகம் இறுகிவிட்டது.

"இதை யாருக்கெல்லாம் அனுப்பினே?"

"இன்னும் யாருக்கும் இல்ல."

"அதுவரைக்கும் நல்லதாப் போச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெட்டினது உங்கப்பான்னு யாருடி சொன்னது?"

"அம்மா."

"அவளுக்கு எங்கம்மா சொல்லியிருப்பா. வெட்டினது நான்டி."

ஒரு கம்பெனியில் வரவேற்பில் உட்காரும் வேலைக்கு அத்தை மனுப் போட்டிருக்கிறாள். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். இந்த முகத்தை முன்னால் உட்காரவைத்தால் வருகிறவன், இவள் யாரைப் பார்க்கிறாள் என்று குழம்பிவிடுவான் என்று அங்கே ஒருவன் சிரித்தது, தெரிந்தவர் மூலமாக வீடுவரை வந்துவிட்டது.

"அன்னைக்கு மத்தியானம் வீட்ல யாரும் இல்ல. அண்ணனோட கத்தரிக்கோலை எடுத்தேன். ஒண்ணு விடாம வெட்டி அடுப்புல போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு எங்கம்மா ஆல்பத்தைத் தொறந்துட்டு ஆடின ஆட்டம் இருக்கே! அடுத்த வாரம் எனக்குக் கண்ணை நேராக்கற ஆபரேஷன். நான் நடுங்கிப் போய் நிக்கறேன். உங்கப்பா வந்து, நான்தான் வெட்டினேன்னுட்டார். அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள ஏதோ சண்டை. எல்லாரும் நம்பிட்டாங்க."

"அப்புறமாவது நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னு நினைப்பேன். நாள் போகப் போக வாய் வரல. அவரும் கேக்கல. அப்படியே நாப்பத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு." அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நெகட்டிவ் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அத்தை எல்லாம் சொல்லிட்டாங்க."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "சொல்லிட்டாளா?"

"நீங்க ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"யாராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கப் பயமா இருந்துச்சு. கோவம் வந்தா என்னையும் வெட்டிடுவீங்கன்னு நினைச்சேன். எட்டு வயசுல உங்க மூக்குக்கண்ணாடியை மிதிச்சு உடைச்சுட்டு, என் படம் இருந்த ஆல்பத்தை ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடியை உடைச்சது நீயா? உங்கண்ணன் காதையில்ல திருகினேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தித்தாளின் விளிம்பை நகத்தால் நீவினார். பிறகு, "அந்த நெகட்டிவ்வை அவ என்னைக்காவது கேப்பான்னு எடுத்து வெச்சேன்" என்றார். "கேக்கவே இல்ல. எனக்கும் மறந்துபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். வாசலில் அப்பாவும் அத்தையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மகளுக்குக் கேட்கவில்லை. அப்பா, "விடு, விடு" என்றது மட்டும் கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அத்தை பதினோரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நாலு படங்களை யாருக்கும் அனுப்பக் கூடாது, தனக்கு மட்டும் வேண்டும் என்றாள். மற்ற ஏழும் போகலாம். "முறைப்பா நின்னாலும் ஆள் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அண்ணனுக்கு மகள் அன்றே போன் செய்து கண்ணாடி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவன் நம்பவே இல்லை. இத்தனை காலம் தானேதான் உடைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தானாம்.

வேலை முடிய இன்னும் மூன்று வாரம் ஆனது. படங்களில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்ல அத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். அப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் இவள் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஒல்லியாக ஒருவர் நின்றார். பெரியப்பாவின் மைத்துனர் என்றார் அப்பா. இல்லவே இல்லை, அடுத்த வீட்டு வாத்தியார் என்றாள் அத்தை. அரை மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் இரண்டு பெயரையும் போட்டுவிட்டு அடுத்த படத்தைத் திறந்தாள்.